ஒரே எழுத்து, ஒரே நிறம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.9.2025

அப்பாவுக்கு,

யோகேஸ்வரி எழுதுவது. நானும் என்னுடன் தங்கியிருக்கும் ஜாஸ்மினும் சௌக்கியம். உங்கள் முட்டிவலிக்கும் அம்மாவின் இருமலுக்கும் டாக்டரைப் பார்த்தீர்களா?

போன் இருக்கும்போது ஏன் காகிதம் என்று உங்களுக்கே தெரியும். போன தடவை எங்கள் பாட்டு வெளிவருவதற்கு முன்பே அதன் படத்தை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘விரைவில்’ என்று போட்டுவிட்டீர்கள். கிடார் வாசிக்கும் விமல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இனிமேல் எல்லாம் காகிதத்தில்தான். புரூஃபையும் அச்சடித்தே அனுப்புங்கள். போனில் தெரிகிற நிறம் வேறு, அச்சில் வருகிற நிறம் வேறு.

விஷயம் இதுதான். ஜனவரி 10-ஆம் தேதி மதுரையில் பாட எங்கள் ‘பிளவக்கல்’ குழுவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷத்தில் முதல் பெரிய மேடை. ஆனால் நிகழ்ச்சி நடத்துபவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். “யூடியூப்பில் ஒரு எழுத்து, போஸ்டரில் வேறு எழுத்து, டி-ஷர்ட்டில் வேறு நிறம். நீங்கள் மூன்று பேர் இருக்கிற ஒரு குழுவா, மூன்று குழுவா? எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி டிசம்பர் முதல் தேதி கொண்டுவந்து காட்டுங்கள். இல்லையென்றால் இடத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவோம்” என்றார்கள்.

ஜாஸ்மின் டிரம்ஸ் வாசிப்பதோடு நன்றாக வரையவும் செய்வாள். அவள் வரைந்த லோகோ இத்துடன் இருக்கிறது: நடுவில் விரிசல் விட்ட ஒரு கல். அதன் கீழே எங்கள் பெயர், அவள் எழுதிய அதே எழுத்தில். ஒரே காவி நிறம், அந்த நிறத்தின் நம்பர் தாளின் பின்பக்கம். வெள்ளைப் பின்னணி. நம் கடையில் நீங்கள் அடிக்க வேண்டிய போஸ்டர், ஸ்டிக்கர், டி-ஷர்ட், மேடைப் பேனர் நான்கிலும் இதே. வேறு எதுவும் வேண்டாம். யார் முகமும் வேண்டாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
6.9.2025

செல்ல மகள் யோகேஸ்வரிக்கு,

தங்கச்சாமி, ஜோதி டிஜிட்டல், பஞ்சு மார்க்கெட் முக்கு, ராஜபாளையம். பழக்கதோஷம், கை தானாகக் கடை விலாசத்தை எழுதிவிட்டது. அப்பாதான் எழுதுகிறேன். முட்டிவலி முட்டியோடு நிற்கிறது, மேலே ஏறவில்லை. அம்மாவுக்கு இருமல் குறைந்து, மிச்சமான மூச்சில் என்னைத் திட்டுகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை உன் மாமா கருத்தப்பாண்டிதான் பஸ்ஸில் கொண்டுவந்தான். அவன் கண்டக்டர் வேலையில் முட்டைக்கோஸ் முதல் கோழிக்குஞ்சு வரை ஏற்றி இறக்கியிருக்கிறான், கடிதம் இதுதான் முதல் தடவையாம். “ஏ மச்சான், இங்கன இருந்து சீவில்லிபுத்தூரு பதினோரு கிலோமீட்டரு. இதுக்கு ஒரு லெட்டரா? மொட்டமாடியில நின்னு சத்தங் குடுத்தா கேட்டுட்டுப் போவுது” என்கிறான்.

புரூஃப் இத்துடன் இருக்கிறது. நீ கொடுத்தது ரொம்ப வெறிச்சென்று இருந்ததம்மா. வெள்ளைத் தாளில் ஒரு கல். பார்க்கிறவன் ஜல்லி வியாபாரம் என்று நினைப்பான். அதனால் கொஞ்சம் கவனித்திருக்கிறேன். மேலே பிள்ளையார், ஓரத்தில் வீணை, பின்னால் சூரிய உதயம், நடுவில் உன் படம். உன் சடங்குக்கு நான் செய்த ஃபிளெக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அன்னப்பறவை மேல் உன்னை உட்காரவைத்து, தலையில் கிரீடம் வைத்து! அந்த அன்னத்தையே எடுத்து இதிலும் போட்டிருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது, அதைவிட நல்ல வேலை இன்னும் என் கையில் வரவில்லை. கடைப் பெயர் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. தேதியைவிடப் பெரிது என்று அம்மா சொல்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை.

ஒரு சந்தேகம். பக்கத்திலேயே சிவகாசி, நாட்டுக்கே அச்சடிக்கிற ஊர். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் பாஸ் பண்ணி, மில்லில் நூல் சுற்றி, நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரைத் தொட்டவனிடம் ஏன் இந்த வேலையைக் கொடுத்தாய்?

உன் அன்பு அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.9.2025

அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் நலமென்று நம்புகிறேன்.

நான் அனுப்பியது ஒரு கல். வந்திருப்பது கல்யாணப் பத்திரிகை. எண்ணிப் பார்த்தேன்: ஏழு விதமான எழுத்து, பதினான்கு நிறம், ஒரு கடவுள், ஒரு பறவை. கல்லைத் தேடி ஜாஸ்மின்தான் கண்டுபிடித்தாள், பிள்ளையாரின் எலிக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுபடியும் சொல்கிறேன். அனுப்பியது மட்டும். முகம் வேண்டாம். அன்னம் வேண்டவே வேண்டாம்.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
20.9.2025

அன்பு மகளுக்கு,

அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறோம், குறையில்லை. உங்கள் ஊரில் மழை உண்டா? இங்கே மேகம் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, மலைப் பக்கம் போய்விடுகிறது.

அன்னத்தைப் பறக்கவிட்டுவிட்டேன். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரையும் எடுத்துவிட்டேன். போஸ்டர், ஸ்டிக்கர், பேனர் துண்டு மூன்றும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் வெறுமையாக்கினால் வெள்ளைத் தாளைத்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டு விஷயம் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நிறம் மூன்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். போஸ்டர் காவியாக வந்தது, ஸ்டிக்கர் ரோஜா, பேனர் தக்காளி. நீ கொடுத்த நம்பரைத்தான் மூன்று மிஷினுக்கும் கொடுத்தேன். ஒரே அரிசியை மூன்று வீட்டில் கொடுத்தால் மூன்று மாதிரிதானே சோறு வரும்.

இரண்டாவது, அந்தக் கல்லின் விரிசல். முதல் பெரிய மேடைக்குப் போகிற பிள்ளைகள், விரிசலோடு போகலாமா? சகுனம் என்று ஒன்று இருக்கிறது. அரைமணி நேரம் உட்கார்ந்து கோடு தெரியாமல் மூடிவிட்டேன். நன்றாக ஒட்டியிருக்கிறது.

சிவகாசி பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.9.2025

அப்பாவுக்கு,

நலம்.

அந்த விரிசலை ஜாஸ்மின் பதினேழு தடவை வரைந்தாள். விரிசல்தான் லோகோ. அதை மூடிவிட்டால் மிச்சம் உருளைக்கிழங்கு. விமல் அப்படித்தான் சொன்னான், நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

மூன்று நிறத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரைக்காரர்கள் சொன்ன குறையே இதுதான். அதையே நாம் புதிதாக அடித்திருக்கிறோம். இரண்டு மாதம்தான் இருக்கிறது அப்பா. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

அம்மாவுக்கு இருமல் மருந்து மாமாவிடம் கொடுத்திருக்கிறேன்.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
9.10.2025

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு,

சுகம். மருந்து வந்தது. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறாள்.

பதினேழு நாள் ஆகிவிட்டதே என்று கோபப்படாதே, சும்மா இருக்கவில்லை. உருளைக்கிழங்கு என்று சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது, ஏனென்றால் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. விரிசலை ஜாஸ்மின் வரைந்தபடியே திரும்ப வைத்துவிட்டேன்.

நிறத்துக்குத்தான் பாடுபட்டேன். போஸ்டரில் சரியாக வந்ததை ஒரு துண்டு வெட்டிக் கடை வாசலில் கயிற்றில் மாட்டினேன். பிறகு ஸ்டிக்கர், பேனர், டி-ஷர்ட் மிஷின்களில் ஒவ்வொரு புள்ளியாக நம்பரை மாற்றி மாற்றி அடித்து, பகல் வெளிச்சத்தில் அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். “ஏங்க, கடை வாசல்ல என்ன வத்தல் காயப் போட்டிருக்கீங்க?” என்று அம்மா கேட்டாள். அறுபத்திரண்டாவது துண்டில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஒரே நிறம் வர ஒரே நம்பர் கொடுத்தால் போதும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மிஷினுக்கு மிஷின் வேறு நம்பர் கொடுத்தால்தான் ஒரே நிறம் வருகிறது. முட்டாளுக்கும் ஒருநாள் புத்தி வருகிறது பார்.

மாதிரி அனுப்பியிருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது, மொத்தத்தையும் அடித்துவிடுகிறேன்.

தீபாவளிக்கு வருவாய் அல்லவா? பஸ்ஸில் வரும்போது பஞ்சு மார்க்கெட் முக்கில் ஜன்னல் வழியாகப் பார். உனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன்.

உன் அன்பு அப்பா


ராஜபாளையம்
24.10.2025

அன்பு மகளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு வருவாய் என்று அம்மா அதிரசம் சுட்டாள். வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஜாஸ்மின் எடுத்து, “நல்லா இருக்கா அங்கிள்” என்று சொல்லி வைத்துவிட்டாள். மாதிரி சரியா என்றும் எழுதவில்லை.

கருத்தப்பாண்டியைக் கேட்டேன். “தீவாளிக்கு மொத நா என் பஸ்லதான் வந்துச்சு மச்சான். பஞ்சு மார்க்கெட்டு வரைக்கும் வந்துச்சு. எறங்கல. பஸ் ஸ்டாண்டு வந்து, அப்படியே அடுத்த பஸ்ல ஏறித் திரும்பிருச்சு. தலவலின்னுச்சு” என்றான்.

பார்த்துவிட்டாய் போல. கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. இருபதுக்குப் பத்து, இந்தக் கடையில் நான் அடித்ததிலேயே பெரிது. ‘மதுரை மேடையேறும் எங்கள் வீட்டு இசையரசியே!’ என்று நடுவில் உன் படம். ஒரு பக்கம் நானும் அம்மாவும் கும்பிட்ட கையோடு, இன்னொரு பக்கம் உன் மாமா கூலிங் கிளாஸோடு. உன் கல்லையும் மறக்கவில்லை. என் தோளுக்கும் அம்மா தோளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது, அதில் வைத்தேன். ஊரே நின்று பார்க்கிறது.

தலைவலிக்கு என்ன சாப்பிட்டாய்? அதிரசத்தை டப்பாவில் போட்டு மாமாவிடம் கொடுத்திருக்கிறேன்.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.11.2025

அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். அதிரசம் வந்தது.

மதுரையிலிருந்து விமலுக்குப் போன் வந்தது. அந்த ஃபிளெக்ஸை யாரோ படம் எடுத்து எங்கள் யூடியூப் பாட்டுக்குக் கீழே இணைப்புப் போட்டிருக்கிறார்கள். “ராஜபாளையத்தில் இதே பெயரில் வேறு குழு இருக்கிறதா?” என்று கேட்டார்களாம். இல்லை, அதுவும் நாங்கள்தான் என்று சொல்ல விமலுக்கு வாய் வரவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

எட்டாம் வகுப்பில் அதே முக்கில், அதே இரண்டு கம்பத்துக்கு நடுவில் என் சடங்கு ஃபிளெக்ஸைக் கட்டினீர்கள். நான் பெரியவளானது தேதியோடு ஊருக்கே தெரிந்தது. விசேஷம் ஒரு நாளில் முடிந்தது. ஃபிளெக்ஸ் முப்பத்தேழு நாள் தொங்கியது. நான் எண்ணினேன். பள்ளிக்கூடத்துக்கு எனக்கு அதுதான் வழி. சைக்கிளில் போகிற பையன்கள் “ஏட்டி அன்னம், கிரீடத்த எங்க வச்சுட்டு வந்த?” என்பார்கள். ஒருநாள் கணக்கு சாரும் சிரித்தார். மறுநாளிலிருந்து தெற்குத் தெருவைச் சுற்றிப் போனேன். அந்த வருஷம் முழுக்க.

கழற்றச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். “அப்பா எம்புட்டு ஆசையா செஞ்சது. கழத்துனா மனசு விட்டுரும்” என்றாள். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் தினமும் சாயங்காலம் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே அதையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

தீபாவளிக்கு முதல்நாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்கு மறுபடியும் பதின்மூன்று வயது.

சிவகாசிக்கு ஏன் போகவில்லை என்று இரண்டு தடவை கேட்டீர்கள். போயிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். என்னைக் கேட்காமல் என்னை ஊர் முக்கில் கட்டியவர் நீங்கள். ஒரே ஒரு தடவை, நான் சொன்னதை நான் சொன்னபடி நீங்கள் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மாதிரி சரியாக இருக்கிறது. நாற்பது போஸ்டர், இருநூறு ஸ்டிக்கர், முப்பது டி-ஷர்ட், ஒரு பேனர். நவம்பர் கடைசிக்குள் வேண்டும். உங்களால் முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
25.11.2025

யோகேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் இருக்கிறோம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான்கு தடவை பதில் எழுதினேன். நான்கிலும் இரண்டாவது வரியிலேயே ஏதோ ஒரு கேலி வந்து உட்கார்ந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

கடிதம் வந்த அன்றைக்கே ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டேன். கருத்தப்பாண்டிதான் ஏணி பிடித்தான். “ஏன் மச்சான் கழத்துதீரு? என் படம் நல்லாத்தான இருந்துச்சு?” என்றான். “அவியளக் கேக்காம கட்டிட்டேன்டா” என்றேன். “அவியன்னா யாரு?” என்றான். “எம் மகதான்” என்றேன். அவன் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அந்த வருஷம் நீ தெற்குத் தெருவைச் சுற்றிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வீட்டில் வெள்ளை நாய் குட்டி போட்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் போகிறாய் என்று நினைத்தேன். இவளுக்கு ஒரு குட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன். அதையும் வாங்கவில்லை.

போன வாரம் மார்க்கெட்டில் எடை போடுகிற சிவனாண்டி கடைக்கு வந்தான். “அண்ணாச்சி, பாப்பாவுக்கு சடங்கு வச்சிருக்கு. பத்துக்கு எட்டு. அன்னம், கிரீடம் எல்லாம் போட்டு ஜமாய்ச்சிருங்க. உங்க வீட்டுப் பாப்பாவுக்குப் போட்டீங்கல்லா, அந்த மாதிரி” என்றான். மகளையும் கூட்டிவந்திருந்தான். பொன்மணி என்று பெயர். நான் அவளைப் பார்த்து, “ஒனக்கு வேணுமா தாயி?” என்று கேட்டேன். தரையில் கிடந்த ஃபிளெக்ஸ் துண்டைக் கால் பெருவிரலால் அங்கும் இங்கும் நகர்த்தினாள்.

“அவகிட்ட என்னத்தக் கேக்கீங்க?” என்றான் சிவனாண்டி.

“மிஷின் ரிப்பேரு. படம் வராது, எழுத்து மட்டுந்தான் வரும்” என்றேன். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். “சரி, பொறவு வாரேன்” என்று போனான். வேறு கடைக்குப் போயிருப்பான். ஊரில் என் கடை ஒன்றுதானா? அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது ஒன்றுமில்லை. ஆனால் என்னால் அடிக்க முடியவில்லை.

நீ கேட்டதெல்லாம் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. நீ சொன்னபடி. எதையும் சேர்க்கவில்லை. விரிசலை அளந்து பார்த்துக்கொள்.

நூல் போட்டுத் தனியாகக் கட்டிய ஒரு சுருள் இருக்கும். உன் பழைய ஃபிளெக்ஸ். மொட்டைமாடியில் அதைக் கொண்டு தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்திருந்தேன். வெயிலில் முகம் வெளுத்துவிடக் கூடாது என்று படத்தை உள்பக்கமாகப் போட்டிருந்தேன். அது உன்னுடையது. என்ன செய்தாலும் சரி. எரிக்க மட்டும் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் விட்டதா?

நேற்று மதுரைக்குப் போனோம். எல்லாவற்றையும் ஒரு நீள மேஜையில் பரப்பினோம். அவர்கள் ஸ்டிக்கரை எடுத்து டி-ஷர்ட் மேல் வைத்துப் பார்த்தார்கள், டி-ஷர்ட்டை எடுத்துப் பேனர் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஒரே நிறம். “எங்கே அடித்தீர்கள், சிவகாசியா?” என்று கேட்டார்கள். “ராஜபாளையம்” என்றான் விமல். ஜனவரி 10 உறுதியாகிவிட்டது.

ஒரே ஒரு குறை. பேனரை மூன்று தடவை தேடிப் பார்த்தேன், அடித்தவர் பெயர் இல்லை. எந்த நோட்டீஸிலும் அது இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லுவீர்கள். பேனரை மாமாவிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வலது கீழ் ஓரத்தில் ‘ஜோதி டிஜிட்டல்’ என்று போடுங்கள். எங்கள் எழுத்தில், எங்கள் நிறத்தில். உயரம் கட்டைவிரல் நகம் அளவு. போன் நம்பர் வேண்டாம். இனி நாங்கள் அடிக்கிற எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே அளவில் வர வேண்டும்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் முன்வரிசையில் இடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். பஞ்சு மார்க்கெட்டில் இறங்குவேன்.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
4.12.2025

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு,

முட்டி தேவலை. அம்மா இருமலை விட்டுவிட்டு இப்போது மதுரைக்கு எந்தச் சேலை என்று ஆரம்பித்திருக்கிறாள்.

நீ சொன்ன இடத்தில், சொன்ன எழுத்தில், சொன்ன அளவில் பெயரை வைத்துவிட்டேன். என் கட்டைவிரல் நகமா உன் கட்டைவிரல் நகமா என்று ஒரு சந்தேகம் வந்தது. உன்னுடையதையே வைத்தேன். போன் நம்பர் போடும் இடத்தில் கை இரண்டு தடவை போய்த் திரும்பியது.

அந்தச் சுருளைப் பற்றி நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பேனரை எடுத்துப்போகக் கருத்தப்பாண்டி வந்தான். கடை வாசலில் விரித்துக் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தான், குனிந்து பார்த்தான். “ஏ மச்சான், இம்புட்டுப் பெருசுல ஒம்ம பேரு எங்கவே? காணலையே” என்றான்.

செத்த நேரம் தேடினான். நான் காட்டவில்லை.

உன் அன்பு அப்பா